எலுமிச்சைச் சாற்றில் சீனிக்குப் பதிலாக எது? கடற்கரை வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத மீன்பிடித் தடைக்காலம், மே மாதத்துக் கத்திரி வெயில், பனையில் பதநீர் இறங்கும் பருவம் ஆகிய மூன்றும் இராமநாதபுரம் கடற்கரையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள ஊர்களில் இந்த இரண்டு மாதமும் வீட்டில் ஆள் அதிகம், வரவு குறைவு, தாகம் மிகுதி. நாளுக்கு இரண்டு மூன்று முறை எலுமிச்சைச் சாறு கரைக்கும் வீட்டில் சீனி டப்பா காலியாகும் வேகத்தைப் பார்த்த பிறகு, இதற்குப் பதிலாக இயற்கையான இனிப்பு ஏதேனும் சேர்க்கலாமே என்று பலரும் யோசிக்கிறார்கள். கடையில் கேட்டால் கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என்று எடுத்து வைப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் பதநீரையும் இளநீரையும் நன்னாரியையும் நினைவூட்டுவார்கள். இவற்றுள் எதைத் தேர்வது என்பது கைப்பணத்தையும், நாக்கின் பழக்கத்தையும், அந்த ஊர்த் தண்ணீரையும் பொறுத்தது. உடல்நலத்தை முன்னிட்டே தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்.

சீனி ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். எஞ்சியது சிறிது குளுக்கோஸ், பிரக்டோஸ், ஈரம், தாது உப்புகள். தேனில் சுக்ரோஸ் மிகக் குறைவு என்றாலும் குளுக்கோஸும் பிரக்டோஸும் சேர்ந்து பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரைகளோடு தேனிலும் பழச்சாற்றிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் வைத்து, ஒரு நாளின் மொத்த எரிசக்தியில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்றும், இயன்றால் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது பெரியவர் ஒருவருக்கு 25 கிராம் அளவுக்குள், நிறுத்துவது மேலும் நல்லது என்றும் சொல்கிறது. ஒரு தம்ளருக்கு 15 கிராம் இனிப்பு சேர்க்கும் வீட்டில் இரண்டாவது தம்ளரிலேயே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. சேர்த்தது சீனியா கருப்பட்டியா என்பதால் அது மாறுவதில்லை. கருப்பட்டியில் இரும்பு முதலிய சத்துகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு தம்ளருக்குப் போகும் சிறு அளவில் அவை மிகச் சொற்பமே. ஆகவே, நீரிழிவு உள்ளவர்களிடம் "கருப்பட்டி போட்டதுதான், தாராளமாகக் குடியுங்கள்" என்று சொல்லி நீட்டுவது அன்பாக இருக்கலாம், அறிவுடைமை ஆகாது. சீனித்துளசிச் (ஸ்டீவியா) சாறு இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்றாலும், உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. அதன் கடைக்கசப்பும் எலுமிச்சையோடு ஒத்துப் போகாததால் அதை இந்த ஒப்பீட்டில் மேலும் தொடரவில்லை.

இனிப்பைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். இந்தக் கரையில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல ஊர்களில் உவர்ப்பும் கடினத்தன்மையும் கொண்டவை. அந்த நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தில் ஒரு பகுதியை முறித்துவிடுகிறது. புளிப்பு மங்கியதும் இன்னும் அரைப் பழம் பிழிகிறோம். அப்போதும் உப்புக் கரிப்பு அடங்காததால் மேலும் ஒரு கரண்டி இனிப்பைக் கொட்டுகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ கேன் தண்ணீரிலோ அதே சாற்றைக் கரைத்தால் குறைந்த பழமும் குறைந்த இனிப்பும் போதுமானதாக இருக்கும். இங்கே எலுமிச்சையும் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. தென் மாவட்டங்களின் பெரிய எலுமிச்சைச் சந்தையான புளியங்குடி போன்ற இடங்களில் கோடையில் விலை ஏறும்போது இங்குள்ள பெட்டிக் கடையிலும் ஏறும். பழத்தையும் இனிப்பையும் மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் நல்ல தண்ணீரைச் சாற்றுக்கென்று ஒரு குடம் ஒதுக்கி வைப்பதே சிக்கனம்.

இனிக் கருப்பட்டி. சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேகரிக்கும் பதநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற வைத்துச் செய்வது இது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மற்ற எந்த இனிப்பையும்விட இது பக்கத்தில் கிடைக்கிறது. பருவத்தில் ஓலைக் கொட்டானோடு வாங்கவும் முடிகிறது. எலுமிச்சையோடு சேரும்போது அதன் குணம் இரண்டு விதமாக வெளிப்படுகிறது. முதலாவதாக, புகைமணமும் லேசான கசப்பும் கொண்ட அதன் தனிச்சுவை பழத்தின் நறுமணத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. இரண்டாவதாக, புளிப்பின் கூர்மை சற்று மழுங்குகிறது. சீனிக்கு அரைப் பழம் போதுமென்றால் கருப்பட்டிக்கு முக்கால் பழம் தேவைப்படலாம். நிறமும் தேநீரைப் போல் ஆகிவிடும். வெளிர் மஞ்சள் நிறச் சாற்றுக்குப் பழகியவர்கள் முதல் மடக்கில் முகம் சுளிக்கக்கூடும். இது சீனி போட்ட எலுமிச்சைச் சாற்றின் நகல் அன்று, வேறொரு பானம் என்று எடுத்துக்கொண்டால் அந்த ஏமாற்றம் இருக்காது. இஞ்சியைத் தட்டிப் போட்டோ, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டோ குடித்தால் கருப்பட்டியின் புகைமணம் குறையாகத் தோன்றாமல் பொருந்திப் போகிறது. புதினா இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கருப்பட்டியைத் தட்டி நேரே தம்ளரில் போடுவது வீண்வேலை. குளிர்ந்த நீரில் அது மெதுவாகக் கரையும். அடியில் மண்ணும் ஓலைத் துணுக்கும் தங்கும். கால் கிலோ கருப்பட்டியை உடைத்து, கால் லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் முழுவதும் கரைய விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, மீண்டும் சில நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றினால் ஏறக்குறைய 400 மில்லி பாகு கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டிப் பாகில் சுமார் 9 கிராம் கருப்பட்டி இருக்கும் என்பதால், 250 மில்லி தம்ளருக்கு ஒன்றரைக் கரண்டியில் தொடங்கி நாக்கைக் கேட்டுக் கூட்டலாம். இந்தப் பாகு நீர்த்தது. சர்பத் கடைப் பாகைப் போல வெளியில் வைத்தால் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். பாகு முழுவதும் ஆறிய பின்பே பழத்தைப் பிழிய வேண்டும், ஏனெனில் சூட்டில் வைட்டமின் சியும் பழத்தின் மணமும் சேர்ந்தே குறைகின்றன. விதையும் தோலும் நசுங்கும்படி பிழிவதும், பிழிந்த சாற்றை நெடுநேரம் வைத்திருப்பதும் கசப்பைக் கூட்டும். அந்தக் கசப்புக்குக் கருப்பட்டி மேல் பழி போடுபவர்கள் பலர்.

கருப்பட்டியில் உண்மையான சிக்கல் கலப்படம். பதநீரோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சி, முழுக் கருப்பட்டியின் விலைக்கு விற்பது தென் மாவட்டங்களில் தெரிந்த கதைதான். உடைத்த முகத்தில் சீனிப் பரல்கள் போல மினுமினுப்பது, நிறம் மிகவும் வெளுத்திருப்பது, விலை சீனிக்கு நெருக்கமாக இருப்பது ஆகியவை ஐயத்துக்கு இடம் தருபவை. ஆனால் இவற்றில் எதுவும் முடிவான சோதனை ஆகாது. காய்ச்சும் குடும்பத்தைத் தெரிந்துகொண்டு பருவத்தில் நேரே வாங்குவதே நம்பத்தக்க வழி. அந்த வசதி இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு இல்லை. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி பக்கத்து மாவட்டத்தில் இருந்தாலும், சாயல்குடிப் பக்கம் நல்ல சரக்கு கிடைக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

பனங்கற்கண்டு அதே பதநீரின் மற்றொரு வடிவம். காய்ச்சிய பதநீர்ப் பாகைக் கலனில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் விட்டால் படிகமாகத் திரள்வது இது. புகைமணமும் கசப்பும் பெரும்பாலும் பாகிலேயே தங்கிவிடுவதால் படிகத்தின் சுவை மென்மையாக இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பும் மணமும் முன்னால் நிற்கின்றன, நிறமும் அதிகம் மாறுவதில்லை. சுவையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இந்த வரிசையில் எலுமிச்சைக்கு மிகவும் இணக்கமானது பனங்கற்கண்டுதான் என்பது என் துணிபு. புதினாவும் இதனோடு அழகாகச் சேரும். ஆனால் விலை கருப்பட்டியைவிட அதிகம். கலப்படத்துக்கான ஆசையும் அந்த அளவுக்கு அதிகம். பெரிது பெரிதாக, ஒரே அளவாக, கண்ணாடி போல வெளுத்த கட்டிகள் சாதாரணக் கற்கண்டாகவே இருக்க வாய்ப்பு உண்டு. சாயம் ஏற்றியவையும் விற்கப்படுகின்றன. கற்கண்டுக்கு வாங்கும் காசில் சீனியை வாங்கிக்கொண்டு ஏமாறுவதைவிட, நேரே சீனியையே குறைவாகப் போட்டுக் குடிப்பது மேல். நல்ல சரக்கு கிடைத்தால் அதையும் மேற்சொன்னபடி பாகாக்கி வைத்துக்கொள்வதே நல்லது, ஏனெனில் படிகம் குளிர்ந்த நீரில் கரைவதற்குள் தாகமே போய்விடும்.

கரும்பு வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இந்தக் கரைக்கு வெளியிலிருந்து வருபவை. நாட்டுச் சர்க்கரைக்கு ஒரே ஒரு பெரிய வசதி உண்டு: பொடியாக இருப்பதால் குளிர்ந்த நீரிலும் கலக்கியவுடன் கரையும். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளை நாடக்கூடாது. நிறத்தை வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பது பரவலான வழக்கம். இரண்டிலும் சில சரக்கில் உப்புச் சுவை தூக்கலாக இருக்கும். நம் ஊர் உவர்ப்புத் தண்ணீரோடு அது சேர்ந்தால் சாறு கரித்துப் போகும். ஆனாலும் வெல்லத்தோடு புளிப்பைக் கரைத்துக் குடிப்பது நமக்குப் புதியதன்று. இராம நவமிக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கரைக்கும் பானகம் இதே பானம்தான். சுக்கு, ஏலம், வெல்லம், எலுமிச்சை அல்லது புளி. எலுமிச்சை விலை எட்டாத வாரங்களில் புளிக்கு மாறிக்கொள்ளும் அந்தப் பழைய ஏற்பாட்டில் நல்ல வீட்டுக் கணக்கு இருக்கிறது.

தேன் ஒரு தனி வகை. பிரக்டோஸ் குளிர்ந்த நிலையில் கூடுதலாக இனிக்கும் தன்மை உடையது. அதனால் குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றில் தேனைச் சீனியைவிடக் குறைவாகப் போட்டாலும் அதே இனிப்பு தெரியும். அளவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு இது உண்மையான ஆதாயம். ஐஸ் நீரில் நேரே விட்டால் அடியில் திரண்டு நிற்கும் என்பதால், இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் முதலில் கரைத்துக்கொண்டு பிறகு குளிர்நீர் சேர்க்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது. அரிதாக என்றாலும் அதில் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் ஆபத்து உண்டு. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் குடம் குடமாகக் கரைக்கத் தேன் கட்டுப்படியாகாது. தனியாகக் குடிக்கும் ஒருவருக்கு ஏற்றது.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து வீடுகளில் நோன்புக் காலத்துக்கு வாங்கியதும் வளைகுடாவிலிருந்து வந்ததுமாகப் பேரீச்சம்பழம் பெரும்பாலும் இருப்பில் இருக்கும். நான்கைந்து பழத்தை ஊற வைத்து அரைத்து எலுமிச்சையோடு கலக்கலாம். வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்து தங்கும் என்பது மற்ற எந்த இனிப்புக்கும் இல்லாத சிறப்பு. ஆனால் பானம் குழம்பாகக் கெட்டியாகும். தாகம் தணிக்கும் வேலையைவிடப் பசியாற்றும் வேலையை நன்றாகச் செய்யும்.

தனியாக இனிப்பே சேர்க்காமல் முடியாதா என்று கேட்பவர்கள் பதநீரையும் இளநீரையும் பார்க்கலாம். பதநீரில் எலுமிச்சை பிழிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிக்காமல் இருப்பதற்காகக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. பிழியும் சாற்றின் அமிலம் முதலில் அதை முறிப்பதிலேயே செலவாகும். கடைசியில் பதநீரின் மணமும் கெட்டு, எலுமிச்சையின் கூர்மையும் வராமல் இரண்டுங்கெட்டானாக நிற்கும். பதநீரைக் காலையில் இறக்கியவுடன் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதே அதற்குரிய மரியாதை. வெயில் ஏறியபின் அது புளிக்கத் தொடங்கும். இளநீர் அப்படியன்று. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தோப்புகளில் பறித்த இளநீர் ஒன்றில் கால் பழம் பிழிந்தால், 100 மில்லிக்கு நான்கு கிராம் அளவில் உள்ள அதன் இயல்பான இனிப்பே போதும். அதிலுள்ள பொட்டாசியமும் வியர்வையில் இழந்ததை ஓரளவு ஈடுசெய்யும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அதே பொட்டாசியம் தீங்காகலாம் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. காய்க்குக் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு நாள்தோறும் இது முடியாது.

நன்னாரியை இனிப்பு என்று நினைத்துவிடக்கூடாது. அது மணம் தருகிறது; இனிப்பு அதோடு சேர்க்கும் சர்க்கரையிலிருந்தே வருகிறது. கடைப் புட்டிகளில் உள்ளது பெரும்பாலும் நிறமூட்டிய சீனிப் பாகு. நன்னாரி வேரைத் தட்டி இரவு முழுவதும் ஊற வைத்து, அந்த நீரிலேயே கருப்பட்டியையோ பனங்கற்கண்டையோ கரைத்துப் பாகாக்கினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை செய்யும். கருப்பட்டியின் புகைமணம் பிடிக்காத வீடுகளில் நன்னாரி அதை நன்றாக மறைக்கும். பருவத்தில் இளம் நுங்கைத் தோல் உரித்து நறுக்கிப் போட்டால் அந்தச் சர்பத்துக்கு ஈடு இல்லை.

இவ்வளவையும் வைத்து முடிவு செய்யும்போது, நாள்தோறும் பலர் குடிக்கும் வீட்டுக்குக் கருப்பட்டிப் பாகையே நான் முதலில் சொல்வேன். பனங்கற்கண்டைவிட மலிவு, நம்பி வாங்க வழி இருக்கிறது, கொடுக்கும் பணம் பக்கத்து ஊர்ப் பனையேறிக் குடும்பத்துக்குப் போகிறது, அதன் சுவை அழுத்தமானது என்பதால் குறைவாகப் போட்டாலும் வெறுமையாகத் தோன்றுவதில்லை. சீனியைப் போல் சில மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று தடைக்கால வரவைப் பார்த்துத் தயங்குபவர்கள், பாதி கருப்பட்டிப் பாகு, பாதி சீனி என்று கலந்துகொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. மொத்த அளவை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது, எந்த இனிப்புக்கு மாறுவதையும்விட உடலுக்கு நல்லது. விருந்தினருக்கும், கருப்பட்டியின் நிறத்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகளுக்கும் பனங்கற்கண்டு. எலுமிச்சையின் தூய புளிப்பை மட்டும் விரும்புகிறவர், நல்ல கற்கண்டு கிடைக்காதபோது, தயங்காமல் சிறிது சீனியே போட்டுக்கொள்ளலாம்.

எந்த இனிப்பானாலும் ஒரு சிட்டிகை உப்பு புளிப்பையும் இனிப்பையும் எடுத்துக்காட்டும். அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் உப்பெடுக்கும் மாவட்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் அந்தச் சிட்டிகையையும் விட்டுவிடலாம். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு இந்தச் சாற்றை மருந்தாகக் கொடுத்து நேரத்தைக் கடத்தக்கூடாது. அதற்கு ஓஆர்எஸ் பொட்டலம் வேண்டும். அது கிடைக்கும் வரை ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவைப் பின்பற்ற வேண்டும். கருப்பட்டியில் ஈரமும் தூய்மையும் கட்டிக்குக் கட்டி மாறுவதால் அந்த அளவு துல்லியமாக வராது.

பருவம் முடிந்தபின் வரும் மாதங்களுக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள் ஜூன் மாதத்துக்குள் வாங்கிவிடுவது நல்லது. கடற்காற்றின் ஈரத்தில் கருப்பட்டி வெகு விரைவில் கசியும். உடைக்காத முழு வட்டுகளாக, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கு அருகிலுள்ள உலர்ந்த பரணில் வைத்து, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் பாகாக்கிக்கொண்டால் ஐப்பசி மழை தொடங்கும் வரை சேதமில்லாமல் வைத்திருக்கலாம்.